குளிர்காலமும் முதியோர் நலமும்

தொழிலின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் பிற மாநிலங்களிலே குடியேறி வாழும் தமிழர் இல்லங்கள் பலவற்றில் முதியவர் ஒருவர் இருப்பார். தந்தையாராக இருக்கலாம், தனித்துவிட்ட தாயாராக இருக்கலாம், பிள்ளையில்லாத அத்தையாராகவோ பெரியப்பாவாகவோ இருக்கலாம். ஊரிலுள்ள வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, மக்களோடு வந்து தங்கியவர்கள் இவர்கள். வெயிற் காலத்தில் இவர்களைப் பற்றி வீட்டாருக்குக் கவலை அதிகம் இல்லை. கார்த்திகைத் தீபம் கழிந்து மார்கழி பிறந்ததும் ஒரு புதிய பொறுப்பு வந்து சேர்கிறது. அப்பொறுப்பு எத்தகையது, அதனை எவ்வாறு நிறைவேற்றுவது என்பது பற்றிச் சில செய்திகளை இங்கே கூற விரும்புகிறேன்.

மைசூர் நகரத்துத் தேவராஜ மொஹல்லாவை எடுத்துக்கொள்வோம். நகரின் நடுவே அமைந்த பழைய பேட்டைகளுள் அதுவும் ஒன்று. தேவராஜ மார்க்கெட்டின் பூக்கடைகளும் பழக்கடைகளும், சயாஜி ராவ் சாலையின் நெரிசலும் அப்பகுதிக்கு உயிரூட்டுகின்றன. மைசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் அங்கே பகல் இதமான வெயிலுடன் 28 டிகிரி சென்டிகிரேடு வரையில் ஏறும். இரவிலோ 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும். சில இரவுகளில் 12, 13 டிகிரிக்குத் தாழ்வதும் உண்டு. 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு நாள் 7.7 டிகிரி வரையில் இறங்கியது. சென்னையில் அதே பருவத்து இரவின் சராசரி 20, 21 டிகிரி அளவிலேயே நிற்கிறது. அறுபது, எழுபது ஆண்டுகள் அந்த வெப்பத்திற் பழகிய ஒருவர் மைசூருக்கு வந்தால், பகலில் அவருக்கு வேற்றுமை தோன்றாது. பின்னிரவில்தான் உடல் அதனை உணரும்.

டெல்லியிலும் போபாலிலும் வாழும் நேயர்கள் இதனைக் கேட்டு நகைக்கக்கூடும். "பதினாறு டிகிரியும் ஒரு குளிரா? எங்கள் ஊரில் நாலு டிகிரிக்குப் போகிறதே!" என்று அவர்கள் கூறலாம். ஆனால் ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை வேறு. 2015-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, 13 நாடுகளில் நிகழ்ந்த 7 கோடியே 40 லட்சம் மரணங்களைக் கணக்கிட்டுப் பார்த்தது. வெப்பத்தினால் நேரும் சாவைக் காட்டிலும் குளிரினால் நேரும் சாவே மிகுதி என்பது அதனால் தெரியவந்தது. அதிலும், நடுங்கவைக்கும் கடுங்குளிர் நாட்களைவிட, மிதமான குளிர் நிலவும் நாட்களே மொத்தத்தில் அதிக உயிர்களைக் கொண்டுசென்றன. இந்தியாவைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஆய்வும் மிதக்குளிரின் தீங்கையே வற்புறுத்தியது. பக்கவாதமும் இருதய நோயும் சுவாச நோயும் அத்தீங்கின் வாயில்கள் என்று அது காட்டிற்று. காரணம் விளங்காததன்று. கடுங்குளிர் நாட்கள் சில. மிதக்குளிர் நாட்கள் பல. மேலும், கடுங்குளிருக்கு அஞ்சி எல்லோரும் போர்த்துக்கொள்கிறார்கள். மிதக்குளிரை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே, "இந்த ஊரில் என்ன பெரிய குளிர்!" என்னும் அலட்சியமே நாம் முதலில் விலக்க வேண்டியது.

முதியவர்களைக் குளிர் ஏன் இவ்வாறு வருத்துகிறது? நம் உடல் ஓர் அடுப்பைப் போன்றது. உண்ட உணவை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறது. தசைகள் அசையும்போது அவ்வெப்பம் பெருகுகிறது. வெளியே குளிர் மிகுந்தால் தோலின் கீழுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்வெப்பம் வெளியேறாமல் காக்கின்றன. அதுவும் போதாதபோது உடல் தானே நடுங்கி வெப்பத்தை ஈட்டுகிறது. இளமையில் இவையெல்லாம் நாம் அறியாமலே நடைபெறுகின்றன. முதுமையிலோ தசை குறைகிறது. தோலின் கீழுள்ள கொழுப்பு மெலிகிறது. இரத்தக் குழாய்கள் விரைந்து சுருங்குவதில்லை. நடுக்கமும் தாமதித்தே வருகிறது. இவை எல்லாவற்றினும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: குளிர்கிறது என்னும் உணர்ச்சியே மழுங்கிவிடுகிறது. "எனக்கொன்றும் குளிரவில்லை" என்று பெரியவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அவர் உடல் குளிர்ந்துகொண்டிருக்கலாம். அவர் சொல்லைக் கேட்பதோடு, கையைத் தொட்டும் பார்க்க வேண்டும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்கு, அதாவது பாரன்ஹீட் அளவில் 95 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதனை ஆபத்தான நிலையென்று மருத்துவர் கருதுகின்றனர். மைசூர் போன்ற ஊரில் இது அடிக்கடி நேர்வதன்று. ஆயினும் மெலிந்த உடலினர், தைராய்டுச் சுரப்புக் குறைந்தவர்கள், தூக்க மருந்து உட்கொள்பவர்கள், இரவில் தவறி விழுந்து விடியும் வரையில் தரையிலே கிடந்தவர்கள் ஆகியோருக்கு இது நேரக்கூடும். வடநாட்டுக் குளிரில் இவ்வபாயம் இன்னும் அதிகம். இதன் குறிகள் மயக்கந் தருவன. பேச்சுக் குழறும், நடை தடுமாறும், தூக்கக் கலக்கம் மிகும், கேட்ட கேள்விக்குப் பொருத்தமற்ற விடை வரும். "வயதாகிவிட்டது, ஏதோ பிதற்றுகிறார்" என்று வீட்டார் இருந்துவிடுவர். அப்போது செய்யத்தக்க சோதனை எளியது. போர்வைக்குள்ளே கையை விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கைகால்கள் எவருக்கும் குளிரலாம். வயிறு சில்லென்று இருந்தால் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். அது வரும் வரையில் ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் தலையையும் உடலையும் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் வெதுவெதுப்பான பால் போன்ற பானத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கைகால்களைத் தேய்த்துச் சூடேற்றுதலும், வெந்நீரை ஊற்றுதலும் தகா. பிராந்தி கொடுத்தால் உடம்பு சூடாகும் என்னும் நம்பிக்கையும் பிழையானது. மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உள்ளிருக்கும் வெப்பத்தையும் வெளியே போக்கிவிடும்.

மிகுதியாக நேரும் துன்பங்கள் இருதயத்தையும் மூளையையும் நுரையீரலையும் சார்ந்தவை. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்தமும் சற்றுத் தடிக்கிறது. இருதயம் அதிகமாக உழைக்க வேண்டியதாகிறது. ஆதலின் கார்த்திகை மாதத்திலேயே ஒருமுறை இரத்த அழுத்தத்தைச் சோதிப்பித்துக் கொள்ளுதல் நன்று. கோடையில் போதுமாயிருந்த மருந்தின் அளவு குளிர்காலத்திற்குப் போதாமற் போகலாம். அதனை மாற்றுவதும் மாற்றாததும் மருத்துவர் தீர்மானிக்க வேண்டியவை. நெஞ்சு வலித்தால்தான் மாரடைப்பு என்று எண்ணுதல் கூடாது. முதியவர்களுக்கு, அவர்களுள்ளும் நீரிழிவு உடையவர்களுக்கு, வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் குளிர்ந்த வியர்வையும் தலைச்சுற்றலும் மட்டும் வரலாம். வாய் ஒரு புறம் கோணுதல், ஒரு கை சோர்ந்து விழுதல், சொல் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் குறிகள். இரத்தக் கட்டியால் நேர்ந்த பக்கவாதமாயின், அதனைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருப்பது அந்த நேரத்தை வீணாக்குவதாகும். 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும் என்பதை வீட்டிலுள்ள சிறுவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியும் முதியவரிடத்தில் வேடம் மாறி வரும். இளைஞருக்கு வருவதுபோலக் கடுங்காய்ச்சல் வராமல், சாப்பாட்டில் வெறுப்பும், சோர்வும், திடீரென்று புத்தி தடுமாறுதலும் மட்டுமே தோன்றலாம். நேற்று வரையில் தெளிவாகப் பேசிய பாட்டியார் இன்று பேரனின் பெயரை மறந்தால், அது முதுமையின் மறதி என்று விட்டுவிடாமல் மார்பைச் சோதிப்பிக்க வேண்டும். ஃப்ளூ காய்ச்சலுக்கு ஆண்டுதோறும் போடத்தக்க தடுப்பூசியும், நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளுள் முக்கியமான ஒன்றுக்குத் தடுப்பூசியும் இப்போது உள்ளன. குடும்ப மருத்துவரைக் கலந்து இவற்றைக் காலத்தில் போட்டுக்கொள்ளுதல் நலம்.

இனி, வீட்டைப் பற்றிக் கூறுவோம். மைசூரின் பழைய வீடுகள் ஓடு வேய்ந்தவை. நடுவே முற்றம் உடையவை. காவி பூசிப் பளபளக்கும் தரையை உடையவை. கோடையில் இவை சொர்க்கம். குளிர்காலத்து விடியற்காலையிலோ அந்தத் தரை ஐஸ் போலக் குளிரும். ஓட்டின் இடுக்குகளில் வாடை நுழையும். குளிர் மிகுந்த காலத்தில் வீட்டினுள்ளே 18 டிகிரிக்குக் குறையாத வெப்பம் இருத்தல் நலமென்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில் கூறியது. முதியோர் இருக்கும் அறைக்கு அதனினும் சற்று மிகுதியாக இருப்பது நன்று. வீட்டில் எந்த அறைக்கு மாலை வெயில் வருகிறதோ அந்த அறையை அவருக்கு ஒதுக்க வேண்டும். பகலில் சன்னல்களைத் திறந்து வெயிலை உள்ளே விட்டு, மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் திரையிட்டு அந்த வெப்பத்தைக் காத்துக்கொள்ளலாம். கதவின் அடியிலுள்ள இடைவெளியைப் பழந்துணிச் சுருளால் அடைத்தாலே வாடை பெரிதும் நின்றுவிடும். கட்டில் முற்றத்துக் கதவிற்கு நேராக இராமல் உட்சுவரை ஒட்டியிருக்கட்டும்.

குளிர்காய்வது தமிழருக்குப் புதிதன்று. ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்றே பெயரிட்டனர். குளிர்ந்த நீரைப் பருகுதலை விட்டு, வாயகன்ற கணப்புச் சட்டியில் நெருப்பிட்டு மக்கள் குளிர்காயும் காட்சி நெடுநல்வாடையிலே வருகிறது. ஆனால் இந்தக் கணப்புச் சட்டியைப் பற்றி நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். கரி நெருப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்குதல் உயிருக்கே இறுதி ஆகும். காற்றுக் குறைந்த இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் அது தடுத்துவிடுகிறது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று அது படிப்படியாக வரும். உறங்குபவருக்கோ அந்த அறிவிப்பும் கிட்டாது. குளியலறையிலே பொருத்தப்படும் கேஸ் கெய்சரும் காற்றோட்டமில்லாவிடில் இதே தீங்கைச் செய்யும். அந்த அறையில் திறந்த சன்னலும், புகை வெளியேறும் குழாயும் இல்லாமல் அதனைப் பயன்படுத்துதல் கூடாது. இத்தகைய அறையில் ஒருவர் மயங்கிக் கிடக்கக் கண்டால் முதலில் கதவு, சன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்த பின்னரே மற்றவை.

காற்றோட்டத்தின் அருமையை மைசூர் நகரம் துன்பத்தின் வாயிலாகக் கற்றது என்பதும் இங்கே நினைவு கூரத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பிளேகு நோய் அந்நகரைச் சூறையாடிற்று. அதன் பின் 1903-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு நிறுவப்பெற்று, நெருக்கமான பகுதிகளைச் சீர்செய்து, காற்றும் வெளிச்சமும் புகும் புதிய பேட்டைகளை அமைக்கும் பணி தொடங்கிற்று. குளிருக்கு அஞ்சி வீட்டின் எல்லா வாயில்களையும் அடைத்துவிடுவது அந்தப் பாடத்தை மறப்பதாகும். வாடையைத் தடுக்க வேண்டும். காற்றை அடைக்கக் கூடாது. மின்சாரத்தால் இயங்கும் ஹீட்டர் வைத்திருப்போர் அதனைப் படுக்கைக்கும் திரைக்கும் மூன்றடியாவது தள்ளி வைத்து, உறங்குமுன் அறையைச் சூடாக்கிவிட்டுப் பின் நிறுத்திவிடுதல் நன்று.

உடையிலே தடிப்பைக் காட்டிலும் அடுக்கு முக்கியம். ஒரு கனத்த கோட்டைவிட, உள்ளே பருத்திப் பனியனும், அதன்மேல் சட்டையும், அதன்மேல் மெல்லிய கம்பளிச் சட்டையுமாக அணிவது மிகுந்த வெப்பத்தைக் காக்கும். அடுக்குகளின் இடையே சிறைப்பட்ட காற்றே வெப்பத்தைக் காக்கும் பொருள். தலைக்கும் காதுக்கும் மப்ளர் வேண்டும். காலுக்குக் காலுறை வேண்டும். ஆனால் வெறும் காலுறையோடு காவித் தரையில் நடந்தால் வழுக்கும். ரப்பர் அடியுடைய செருப்பை வீட்டுக்குள்ளும் அணியச் செய்யுங்கள். வீட்டினுள் செருப்பணிவது ஆசாரத்திற்கு ஒவ்வாது என்று பெரியவர்கள் மறுத்தால், வீட்டுக்கென்றே புதிதாக ஒரு ஜோடி வாங்கி, அது வாயிற்படியைத் தாண்டாது என்று உறுதி கூறுங்கள், இசைவார்கள்.

படுக்கையைப் பற்றி ஒரு சொல். நம் முதியவர்களிற் பலர் தரையில் கோரைப்பாயை விரித்துப் படுத்தே பழகியவர்கள். மேலே இரண்டு கம்பளி போர்த்தினாலும் கீழேயுள்ள குளிர்ந்த தரை உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கட்டில் இல்லாவிடில் பாயின் மேல் ஜமக்காளமும் மெத்தையும் விரிக்க வேண்டும். மேலே ஒன்று போர்த்தினால் கீழே இரண்டு விரிப்பது முறை. வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைப்பதாயின், துண்டிற் சுற்றி, உடம்பிற் படாமல் வைத்து, படுக்கை சூடேறியதும் எடுத்துவிட வேண்டும். நீரிழிவினால் காலில் உணர்ச்சி குன்றியவர்கள் சூடு பட்டதை அறியார்கள். காலையில் கொப்புளத்தைக் கண்ட பின்னரே அறிவார்கள்.

மார்கழி மாதத்துக் காலை ஸ்நானமும் கோயில் வழிபாடும் இப்பருவத்திற்கே உரிய சிக்கல். விடியுமுன் எழுந்து, தண்ணீரில் நீராடி, ஈரத்தலையோடு திருப்பாவை, திருவெம்பாவை ஓதுதல் எத்தனையோ பேரின் வாழ்நாள் வழக்கம். அதனை விட்டுவிடுங்கள் என்று கூறுவது எளிது. அவர்கள் மனம் படும் பாடு பெரிது. ஆகவே வழக்கத்தை விலக்காமல் அதன் முறையை மாற்றுவதே தக்கது. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இறங்காமல், இரண்டு நிமிஷம் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, போர்வையைப் போர்த்துக்கொண்டு எழவேண்டும். நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். மிகுந்த சூடும் ஆகாது, ஏனெனில் கொதிக்கும் நீரில் குளித்தால் இரத்த அழுத்தம் திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். தலை முழுக்கை வெயில் ஏறிய பின் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் ஸ்நான நாட்களில் குளியலறைத் தரையை வீட்டார் ஒருவர் கழுவித் துடைத்த பின்னரே அவர் உள்ளே செல்ல வேண்டும். கதவை உட்புறம் தாழிடாமல் சாத்திக்கொள்வது போதும். கோயிலுக்குச் செல்வதை ஏழு, எட்டு மணிக்கு ஒத்திவைக்கலாம். வைகுண்ட ஏகாதசியில் உபவாசம் இருக்க விரும்புவோர் நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவராயின், சில நாட்களுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உணவின்றி மருந்தை மட்டும் எடுத்தால் இரத்தத்திலுள்ள சர்க்கரை அபாயமான அளவுக்குக் குறையும்.

நடைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதுவே விதி. குக்கரஹள்ளி ஏரிக்கரை மைசூரில் நடப்பதற்கு உகந்த இடம். ஆனால் பனி மூடிய ஐந்து மணியை விட, வெயில் பரவிய எட்டு மணியே குளிர்காலத்தில் முதியவருக்கு ஏற்றது. வெளியே செல்ல இயலாதவர்கள் ஒரு மணிக்கு ஒருமுறையேனும் எழுந்து கூடத்தில் நடக்கவும், நாற்காலியில் அமர்ந்தபடியே கைகால்களை நீட்டி மடக்கவும் வேண்டும். அசைவே வெப்பம், அசையாத உடல் அணைந்த அடுப்பு.

ஆகாரத்தில் பெரிய மாறுதல் தேவையில்லை. ஒரே வேளையில் மிகுதியாக உண்ணாமல், சிறிது சிறிதாகப் பல வேளை சூடாக உண்ண வேண்டும். கன்னட நாட்டின் சிறந்த தானியமாகிய கேழ்வரகு இங்கே எளிதிற் கிடைக்கிறது. கால்சியம் நிறைந்த அதனைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கலாம். பருப்பும் பாலும் முட்டை உண்பவர்க்கு முட்டையும் தசையைக் காக்கும். மிளகு ரசம் தொண்டைக்கு இதம். ஊறுகாயும் அப்பளமும் குளிர்காலத்து நாவுக்கு இனியவை. உப்பு மிகுந்த அவை இரத்த அழுத்தத்திற்கு இனியவை அல்ல. குளிரில் தாகம் தோன்றாது. இரவில் எழ வேண்டுமே என்று அஞ்சிப் பெரியவர்கள் தண்ணீரையே குறைத்துவிடுவர். அதனால் மலச்சிக்கலும், சிறுநீர்த் தொல்லையும், மயக்கமும் வரும். பகற்பொழுதிலேயே வெந்நீரை வேளை தவறாமல் கொடுத்து, மாலைக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம். இரவில் எழும்போது விழாமலிருக்க, கட்டில் முதல் கழிவறை வரையில் சிறு விளக்கு எரியட்டும். வழியில் வாளியோ செருப்போ கிடக்க வேண்டாம். கழிவறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்துங்கள். தொடை எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த முதியவரைப் பேணுவதைக் காட்டிலும் ஒரு கம்பியைப் பொருத்துவது எத்தனையோ எளிது.

அயல்மொழி நாட்டில் வாழ்வோர்க்கு இன்னுமோர் ஆபத்து உண்டு. அது சொல்லினால் வருவது. கன்னடத்தில் "சளி" என்றால் குளிர். குளிர்காலத்திற்கே "சளிகால" என்றுதான் பெயர். தமிழில் சளி என்றால் மார்பிலே கட்டும் கோழை. பாட்டியார் மருத்துவரிடம் மார்பைத் தொட்டுக் காட்டி, "சளி, சளி" என்கிறார். மருத்துவரோ, "குளிர்கிறது போலும்" என்று கருதி, "போர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடலாம். கோழைக்குக் கன்னடத்தில் "கப", ஜலதோஷத்திற்கு "நெகடி", இருமலுக்குக் "கெம்மு", காய்ச்சலுக்கு "ஜ்வர", நெஞ்சு வலிக்கு "எதெ நோவு", தலைச்சுற்றலுக்குத் "தலெ சுத்து". இந்த ஆறு சொற்களையும் ஒரு காகிதத்தில் தமிழெழுத்தில் எழுதிப் பெரியவரின் கட்டிலருகே ஒட்டிவைப்பது ஒரு மருந்துப் புட்டிக்குச் சமம். வங்காளத்திலோ மராட்டியத்திலோ வாழ்வோர் அந்தந்த மொழிச் சொற்களை இவ்வாறே எழுதிக்கொள்ளலாம். அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்தின் பெயரும் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு ஒன்றும் அதன் அருகே இருக்கட்டும். அவசரத்தில் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனைக்கோ வேறெங்கோ கொண்டுசெல்லும்போது, துணைக்கு வருபவர் அண்டை வீட்டாராகவே இருந்தாலும் அந்தச் சீட்டு பேசும். 1924-இல் தொடங்கப்பெற்ற மைசூர் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அம்மருத்துவமனை தேவராஜ மொஹல்லாவினர்க்கு மிக அருகில் இருப்பது ஒரு பேறு. ஆனால் அருகிலிருக்கும் மருத்துவமனையும் நோயைக் கூற அறிந்தவர்க்கே முழுப்பயன் தரும்.

உடற்குளிரைப் போன்றதே தனிமையின் குளிரும். மகனும் மருமகளும் அலுவலகத்திற்கும் பேரக்குழந்தைகள் பள்ளிக்கும் சென்ற பின், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரையில் மொழி தெரியாத தெருவைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் தாயார், சமைத்து வைத்ததைச் சூடாக்கிக்கூட உண்ணமாட்டார். தமக்கென்று ஒருத்திக்காக அடுப்பை மூட்டுவானேன் என்பது அவர் நினைப்பு. நண்பகலில் தொலைபேசியில், "அம்மா, சாப்பிட்டாயிற்றா? சுடவைத்துச் சாப்பிட்டீர்களா?" என்று கேட்பது இரண்டு நிமிஷ வேலை. அண்டை வீட்டாரிடம் ஒரு சாவியும், அவர்களது தொலைபேசி எண்ணை இவரிடமும் கொடுத்துவைக்க வேண்டும். வானொலியும் நல்ல துணை. 1935-இல் மைசூர்ப் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி தனிமுயற்சியாக ஒரு வானொலி நிலையத்தை நிறுவினார்; அதற்கு இட்ட "ஆகாசவாணி" என்னும் பெயரே பின்னர் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. அப்பேராசிரியர் கற்பித்த துறை மனோதத்துவம் என்பது பொருத்தமே. தாய்மொழியிலே ஒரு குரல் கேட்பது முதியவர் மனத்திற்கு எத்தகைய வெதுவெதுப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

பெற்றோரை ஊரிலேயே விட்டு வந்தவர்களுக்கும் கடமை உண்டு. நாள்தோறும் குறித்த நேரத்தில் அழைத்துப் பேசுவதும், அழைப்புக்கு விடை வராவிடில் உடனே சென்று பார்க்கத் தெருவில் ஒருவரை ஏற்பாடு செய்து வைப்பதும் தேவை. முதியோர்க்கென்று அமைந்த 14567 என்னும் கட்டணமற்ற தொலைபேசி உதவி எண் நாடெங்கும் உள்ளது. அதனையும் குறித்துக் கொடுக்கலாம்.

இவ்வளவும் கூறியபின் எஞ்சுவது ஒன்றே. இங்கே கூறப்பட்டவற்றுள் பெரும்பொருள் வேண்டுவது எதுவும் இல்லை. ஒரு கம்பளி, ஒரு விளக்கு, ஒரு கைப்பிடிக் கம்பி, ஒரு சீட்டு, நாளுக்கு இரண்டு நிமிஷப் பேச்சு, இவைதாம். இருந்தும் இவை பல இல்லங்களில் நடைபெறாததன் காரணம், பெரியவர்கள் கேட்பதில்லை என்பதே. தம் வீட்டில் அதிகாரத்தோடு வாழ்ந்தவர்கள், மக்கள் வீட்டில் ஒரு போர்வை கேட்கவும் கூச்சப்படுகிறார்கள். மின்சாரச் செலவு ஏறுமே என்று வெந்நீர் வேண்டாம் என்பார்கள். மருமகளுக்கு வேலையாகுமே என்று கஞ்சி வேண்டாம் என்பார்கள். அவர்கள் "வேண்டாம்" என்று கூறும் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது மரியாதை அன்று. நாம் குழந்தைகளாக இருந்தபோது, நாம் கேட்கும் முன்பே போர்த்திவிட்டவர்கள் அவர்கள். இந்த முன்பனிக் காலத்து இரவில், உறங்கச் செல்லுமுன் ஒருமுறை அவர்களது அறைக்குச் சென்று, போர்வை விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவது ஒவ்வோர் இல்லத்திலும் வழக்கமாகட்டும்.